'நான்' என்று கூப்பிடாத எட்டாம் எண்: ஒரு வாலிபால் அணியில் ஓராண்டு

சர்வீஸ் பந்து வலையைத் தாண்டி வருகிறது. பெரிய வேகமில்லை, சுழற்சியும் இல்லை. பின்வரிசையில் நிற்கிற இரண்டு பேருக்கும் சரியாக நடுவே இறங்குகிறது. இடப்பக்கம் நிற்பவள் வலப்பக்கம் நிற்பவளைப் பார்க்கிறாள். அவள் இவளைப் பார்க்கிறாள். பந்து தரையில் பட்டு எகிறி, பின்னால் சுவர்வரை உருண்டு போகிறது. யார் கையை நீட்டியிருந்தாலும் எடுத்திருக்கலாம்.

வாலிபால் ஆடிய எல்லாருக்கும் இந்தப் பந்தைத் தெரியும். எதிரணி அறைந்த அடியில் போகிற புள்ளியைவிட இது அதிகமாக வலிக்கும். இப்படிப்பட்ட பந்து விழாமல் இருக்க ஒரே வழி, இருவரில் ஒருவர் முன்கூட்டியே "நான்!" என்று கத்துவதுதான். அந்த ஒரு சொல்லைக் கத்தத் தெரியாத ஒரு பெண்ணைப் பற்றியதுதான் இந்த ஆய்வு.

13 முதல் 16 வயதுவரையுள்ள பெண்கள் அணி ஒன்றுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்துவருகிறேன். "டீம்ல விளையாடினா பிள்ளைக்கு நல்லது, ஆளுமை வளரும்" என்று சொல்லிக்கொண்டு பெற்றோர் வருவார்கள். நானும் தலையாட்டுவேன். ஆனால் எப்படி வளர்கிறது, எப்போது வளராமல் போகிறது என்று யாராவது நிறுத்திக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அதனால்தான் ஒரே ஒருத்தியின் ஓராண்டை எடுத்துக்கொண்டு, என் பயிற்சிக் குறிப்பேட்டை வைத்து எழுதிப் பார்க்கிறேன். அவளும் அவள் பெற்றோரும் சம்மதித்திருக்கிறார்கள். பெயர்கள் இல்லை, சட்டை எண்கள் மட்டும்தான். இவள் எட்டாம் எண்.

ஆளும் ஆட்டமும்

அணிக்கு வந்தபோது அவளுக்கு 14 வயது. நல்ல உயரம், நீண்ட கை, ஓடி ஓடிப் பழகிய கால்கள். அதற்கு முன் நெடுந்தூர ஓட்டக்காரி. தனியாக ஓடுவாள், தனியாகப் பயிற்சி செய்வாள், நேரத்தைத் தானே குறித்துக்கொள்வாள். ஓட்டத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வகுப்பில் வாய் திறப்பதில்லை, தெரிந்த பதிலைக்கூடச் சொல்வதில்லை என்ற கவலையில்தான் அவள் அம்மா அழைத்து வந்தார். முதல் நாள் அவர் என்னிடம் சொன்னது: "வீட்ல நல்லாத்தான் பேசுவா சார். வெளிய வந்தா குரலே வராது."

முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். அவளுக்குக் குரல் வரத்தான் செய்தது. பந்து தவறினால் "சாரி". சரியாக எடுத்தும், அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டருக்கு அரை அடி தள்ளிப் போனால் "சாரி". பக்கத்திலிருப்பவள் தவறவிட்டாலும் "சாரி". ஒரு செட்டில் அந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ண முயன்று பாதியில் விட்டுவிட்டேன். "நான்" என்ற சொல் மட்டும் ஒருமுறைகூட வரவில்லை. 'சாரி' என்பது பந்து விழுந்த பிறகு சொல்வது, 'நான்' என்பது விழுவதற்கு முன் சொல்வது. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க மூன்று மாதம் ஆனது.

இப்படியொரு பிரச்சினையைப் பார்க்க வாலிபாலைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடைப்பது கடினம். காரணம் அதன் விதிகளிலேயே இருக்கிறது. 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்தில் வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, ஒரு பக்கம் எத்தனை பேர் ஆடலாம், பந்தை எத்தனை முறை தொடலாம் என்ற கணக்கே கிடையாது. ஆறு பேர், மூன்று தொடுதல் என்பதெல்லாம் பிறகு வந்தவை. இன்றைக்கு ஆட்டத்தின் உயிரே அந்தக் கட்டுப்பாடுகளில்தான் இருக்கிறது. பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. எதிரணியின் அடியை வலையருகே கையுயர்த்தித் தடுக்கிற பிளாக்கில் படுவதைத் தவிர்த்தால், ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை தொட முடியாது. கால்பந்தில் ஒரு கெட்டிக்காரர் நாலு பேரை ஏமாற்றித் தனியாகப் போய் கோல் போட்டுவிடலாம். கிரிக்கெட்டில் ஒருவர் அடிக்கிற சதமே ஆட்டத்தை முடித்துவிடலாம். வாலிபாலில், பந்தை எதிர்ப்பக்கம் அறைகிற எப்பேர்ப்பட்ட அட்டாக்கருக்கும் இன்னொருவர் பந்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். தூக்கிக் கொடுப்பவருக்கு மூன்றாமவர் ஒழுங்காக எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஒளிந்துகொள்ளவும் இடமில்லை. சர்வீஸ் தங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஆறு பேரும் கடிகாரத் திசையில் ஓர் இடம் நகர்ந்தாக வேண்டும். இப்போது முன்னால் நின்று அடிப்பவள் சிறிது நேரத்தில் பின்னால் நின்று பந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒன்பது மீட்டருக்கு ஒன்பது மீட்டர் கட்டத்துக்குள் ஆறு பேர் நிற்பதால், யாருக்கும் சொந்தமில்லாத தரை என்று கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். சர்வீஸ் போடுகிறவர்கள் குறிவைப்பதும் அந்த இடத்தைத்தான்.

எட்டாம் எண்ணை நான் ஓரத்து அட்டாக்கராகப் போட்டேன். உயரத்துக்கு அதுதான் பொருத்தம். அந்த இடத்தில் ஆடுபவள் எதிரணி சர்வீஸையும் எடுக்க வேண்டும். அவளுக்குப் பக்கத்தில் எங்கள் லிபரோ, பதினொன்றாம் எண். 1998-இல் சர்வதேச ஆட்டத்துக்கு வந்த இடம் அது: வேறு நிறச் சட்டை, பின்வரிசையில் மட்டும் ஆட்டம், பிளாக் செய்யக் கூடாது. பந்தெடுப்பதற்கென்றே இருக்கிற ஆள். எங்கள் பதினொன்றுக்கு 16 வயது. தரையில் விழுந்து புரண்டு எதையும் எடுத்துவிடுவாள். அவளையும் எட்டாம் எண்ணையும் பிரிக்கிற அந்த இரண்டடித் தரைதான் இந்த ஆய்வின் களம்.

முதல் மூன்று மாதம்: நான் செய்த தவறு

"கூப்பிடு! வாயைத் திறந்து கூப்பிடு!"

முதல் மூன்று மாதமும் நான் செய்தது இதுதான். பந்து நடுவில் விழுந்ததும் பக்கவாட்டிலிருந்து கத்துவேன். இரண்டு முறை ஆட்டத்தின் நடுவில் அவளை வெளியே எடுத்து உட்காரவைத்தேன். உறைக்கட்டும் என்று நினைத்தேன். உறைத்தது, ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. அவள் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு தவறுக்குப் பின்னும் அவள் கண் ஒரு நொடி பெஞ்சுப் பக்கம் வந்துபோகும். அந்த ஒரு நொடிக்குள் அடுத்த சர்வீஸ் கிளம்பியிருக்கும்.

நான்காம் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் பயிற்சி முடிந்து வலையைக் கழற்றிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் போய்விட்டார்கள். கயிறைச் சுருட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டேன், கூப்பிடுவதில் என்ன கஷ்டம் என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னாள்:

"கூப்பிட்டுட்டு விட்டுட்டா, அது என் தப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே சார்."

நான் அதுவரை அவளைக் கூச்சக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். அவளோ மிகத் தெளிவாகக் கணக்குப் போட்டிருந்தாள். கூப்பிடாமல் விட்ட பந்துக்குச் சொந்தக்காரர் கிடையாது, பழி பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். கூப்பிட்டுவிட்டுத் தவறவிட்டால் முழுப் பழியும் தன் தலையில். தவறுக்குத் தண்டனை உண்டு என்று பெஞ்சில் உட்காரவைத்துக் காட்டிய ஆள் நான்தானே? அவளுடைய கணக்கை நானே சரி என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்களைப் பற்றி அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் 1970-களிலிருந்து செய்த ஆய்வுகளை அந்த வாரம்தான் மறுபடி எடுத்துப் படித்தேன். சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களில் ஒரு பிரிவினருக்கு அவர்கள் கற்றுக்கொடுத்தது எளிய விஷயம்: நல்ல முயற்சியைப் பார்த்தால் சொல், தவறு நடந்தால் ஊக்கம் கொடுத்து எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டு, தண்டிக்கிற பேச்சை விடு. இதனால் அதிகம் பலனடைந்தவர்கள் தங்கள் மீதே நம்பிக்கை குறைவாக இருந்த பிள்ளைகள். 1992-இல் வந்த ஆய்வு ஒன்றில், அப்படிக் கற்றுக்கொண்ட பயிற்சியாளர்களிடம் ஆடியவர்களில் அடுத்த ஆண்டு விளையாட்டை விட்டவர்கள் 5 சதவீதம். மற்றவர்களிடம் ஆடியவர்களில் 26 சதவீதம். அணி ஜெயித்ததா தோற்றதா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்த எண்களை நான் முன்பே படித்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் மூன்று மாதம் கத்தியிருக்கிறேன்.

மாற்றியது என்ன

முதலில் கத்துவதை நிறுத்தினேன். ஆட்டத்தின் நடுவே அவளிடம் நான் பேசுவது ஒரே ஒரு வாக்கியம்தான், அதுவும் காலையோ கையையோ பற்றி. "வலது காலை முன்னால வை." அவ்வளவுதான்.

அடுத்து ஒரு பயிற்சி. வலை வேண்டாம், எதிரணி வேண்டாம். இரண்டு இரண்டு பேராக நிற்பார்கள், நடுவில் பந்தைப் போடுவேன். முதலில் "நான்" என்று கூப்பிடுபவளுக்குப் புள்ளி. பந்தை எடுத்தாளா, எங்கே அனுப்பினாள் என்பதற்குப் புள்ளி கிடையாது. கூப்பிட்டுவிட்டுத் தவறவிட்டாலும் புள்ளி உண்டு. இதில் சிரிப்பும் கூச்சலுமாகப் பிள்ளைகள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கத்துவார்கள். எட்டாம் எண் முதல் நாள் மெதுவாக, கிட்டத்தட்ட தனக்குள்ளேயே சொன்னாள். காதில் விழாவிட்டால் புள்ளி இல்லை என்று பதினொன்று அடித்துச் சொல்லிவிட்டாள். இரண்டாம் வாரத்தில் காதில் விழுந்தது.

ஆனால் பயிற்சியில் வந்த குரல் ஆட்டத்தில் வரவில்லை. அங்கே எனக்குத் தோன்றிய யோசனை இது: அவளைப் பற்றியே இல்லாத ஒரு விஷயத்தைப் பேசவைத்தால் என்ன? வாலிபாலில் எதிரணி ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் அவர்களுடைய செட்டர் முன்வரிசையில் இருக்கிறாளா பின்வரிசையிலா என்று பார்க்க வேண்டும். செட்டர் முன்னால் இருந்தால் முன்வரிசையில் அடிக்க இரண்டு பேர், பின்னால் இருந்தால் மூன்று பேர். இதைச் சத்தமாகச் சொல்ல ஒருத்தி வேண்டும். அந்த வேலையை எட்டாம் எண்ணுக்குக் கொடுத்தேன். தனியாக ஓடி நேரம் குறித்துப் பழகியவளுக்கு எண்ணிக்கை கைவந்த கலை.

"ரெண்டு!" "மூணு! மூணு பேர்!"

முதல் ஆட்டத்திலேயே சொன்னாள். தப்பும் இருந்தது. ஒருமுறை இரண்டை மூன்று என்றாள், பிளாக் தவறான இடத்தில் எழும்பியது, புள்ளி போயிற்று. திரும்பி "சாரி" என்றாள், அடுத்த சர்வீஸுக்கு முன் "மூணு!" என்று சரியாகச் சொன்னாள். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. குறிப்பேட்டில் அன்றைக்கு நான் எழுதியிருப்பது இந்த ஒன்று மட்டும்தான்: 'என்னைப் பார்க்கவில்லை.'

நான் திட்டமிடாமல் நடந்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஒரு பந்து நடுவில் விழுந்தபோது பதினொன்று அவளிடம் போய், உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, தரையைக் காலால் காட்டிச் சொன்னாள்: "நடுவுல வர்ற பந்து நீளமா வந்தா உன்னுது. முன்னாடி விழுந்தா நான் வர்றேன்." இவள் "சரிக்கா" என்றாள். பத்து நொடிகூட ஆகியிருக்காது. யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்த தரை அன்றைக்குப் பாகம் பிரிக்கப்பட்டது. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் எல்லாரும் செய்கிற சாதாரண ஏற்பாடுதான். அதைப் பயிற்சியாளர் பலகையில் வரைந்து காட்டுவதும், பக்கத்தில் நிற்பவள் கையைத் தட்டிச் சொல்வதும் ஒன்றாகாது.

அந்தக் கைத்தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்தில் இதைப் பார்த்திருக்கிறார்கள். சீசன் தொடக்கத்தில் கைத்தட்டு, தோள்தட்டு என்று சக ஆட்டக்காரர்களை அதிகம் தொட்ட அணிகள், சீசனின் பிற்பகுதியில் நன்றாக ஆடின. தொடுவதே ஜெயிக்கவைத்தது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் தவறு செய்தவளிடம் முதலில் போய்ச் சேர்வது யார், அவள் கையோடு என்ன செய்கிறாள் என்பதை அதற்குப் பிறகு நான் கவனிக்காமல் இருந்ததில்லை.

மோதல்

ஏழாம் மாதம். வெளி அணியோடு ஓர் ஆட்டம். மூன்றாம் செட், 22-23 என்று பின்தங்கியிருந்தோம். உயரமான சர்வீஸ் ஒன்று நீளமாக, நடுவில் வந்தது. ஏற்பாட்டின்படி அது எட்டாம் எண்ணுடையது. அவள் கூப்பிட்டாள். பக்கவாட்டில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது, அந்த ஆண்டிலேயே முதல்முறையாக ஆட்டத்தில், முழுக் குரலில்: "நான்!"

பதினொன்று நிற்கவில்லை. பின்னோக்கி ஓடி வந்தாள். இருவரும் மோதினார்கள். பதினொன்றின் கணுக்கால் எட்டாம் எண்ணின் காலுக்கடியில் பிசகியது. செட் போயிற்று, ஆட்டமும் போயிற்று. அதெல்லாம் பெரிதில்லை. பதினொன்றால் மூன்று வாரம் ஆட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

எட்டாம் எண் மறுபடி ஊமையானாள். "ரெண்டு, மூணு" கூட நின்றுபோனது. முதல்முறை வாயைத் திறந்தாள், அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரி தரையில் கிடக்கிறாள். அவள் மனதுக்குள் ஓடியதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உன் தப்பு இல்லை" என்றேன். பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சு என்று அவளுக்குத் தெரியாதா?

இரண்டாம் வாரம் பதினொன்று கணுக்காலில் கட்டோடு பயிற்சியைப் பார்க்க வந்தாள். இடைவேளையில் எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எல்லார் காதிலும் விழும்படி எட்டாம் எண்ணிடம் சொன்னாள்:

"நீ கூப்பிட்டது சரி. நான்தான் கேக்கல. நீ கூப்பிட மாட்டேன்னு நெனச்சுப் பழகிட்டேன்."

இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த முக்கியமான விஷயம் இந்த மூன்று வாக்கியங்களில் இருக்கிறது. எட்டாம் எண்ணின் மௌனம் அவளுடைய குணம் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அந்த மௌனத்தைச் சுற்றி அணி முழுவதும் தன்னை வளைத்து வைத்திருந்தது. அவள் கூப்பிட மாட்டாள் என்று பதினொன்று இரண்டு பேர் தரையையும் சேர்த்து ஓடினாள். செட்டர், பந்து எப்படியும் பதினொன்றிடமிருந்துதான் வரும் என்று அந்தப் பக்கமே சாய்ந்து நின்றாள். நானும் அந்த ஓட்டத்தைப் பார்த்து, "என்ன அருமையான லிபரோ" என்று பாராட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் எண் மாறியபோது, அவளுக்கு வேண்டிய இடம் காலியாக இல்லை. வேறொருத்தி அதில் நின்றுகொண்டிருந்தாள், அதுவும் நல்ல எண்ணத்தோடு.

'நான்' என்ற சொல்லை நம் பேச்சில் பெரும்பாலும் அகந்தையோடு சேர்த்தே பேசிப் பழகியிருக்கிறோம். களத்தில் அதற்கு நேர் எதிரான பொருள். 'இந்தச் சுமை என்னுடையது, நீ நகரலாம்' என்று பக்கத்திலிருப்பவளுக்குச் சொல்கிற சொல் அது. ஆனால் அவள் நகர்ந்தால்தான் சொல்லுக்குப் பொருள் உண்டு. அதற்குப் பிறகு எங்கள் பயிற்சியில் ஒரு திருத்தம் செய்தோம். நடுப்பந்துப் பயிற்சியில் கூப்பிட்டவளுக்கு மட்டுமல்ல, கூப்பிட்டதும் விலகி, அவள் பின்னால் காவலுக்கு நகர்ந்தவளுக்கும் ஒரு புள்ளி. அதில் ரொம்ப நாள் தோற்றுக்கொண்டே இருந்தவள் பதினொன்றுதான். விட்டுக்கொடுத்து நிற்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. அவளுடைய அந்த ஆண்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கயிறு இழுத்தவர்கள்

குழுவில் ஒருவர் பின்வாங்குவதை உளவியல் நீண்ட காலமாகப் பார்த்துவருகிறது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மக்சிமிலியன் ரிங்கல்மான் 1913-இல் வெளியிட்ட கயிறு இழுக்கும் சோதனைகள் பெயர்பெற்றவை: ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கிற பலம் சராசரியில் குறைந்தது. ஆட்களின் இழுப்பு ஒரே நேரத்தில் ஒன்றுசேராததுதான் இதற்கு முக்கியக் காரணம் என்று கருதப்பட்டது. 1974-இல் ஆலன் இங்கம் குழுவினர், கண்ணைக் கட்டிவிட்டு, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்பவைத்து ஒருவரை மட்டும் இழுக்கவிட்டார்கள். அப்போதும் பலம் குறைந்தது. அதாவது ஒத்துழைப்புச் சிக்கல் மட்டுமல்ல, முயற்சியும் குறைகிறது. 1979-இல் பிப் லடானேயும் அவருடைய கூட்டாளிகளும் கைத்தட்டலையும் கூச்சலையும் வைத்து அதையே காட்டினார்கள். தன் பங்கு தனியாகத் தெரியும் என்று அறிந்தால் ஆட்கள் மறுபடி முழு முயற்சி போடுகிறார்கள் என்பது அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளில் தெளிவானது.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஒவ்வொருவர் தவறையும் பலகையில் எழுதி வை" என்று முடிவுகட்டுகிற பயிற்சியாளர்கள் உண்டு. நானும் அந்த வழியில் கொஞ்ச தூரம் போனவன். எட்டாம் எண் விஷயத்தில் அது பொருந்தவில்லை. தன் பங்கு தெரிந்துவிடுமே என்பதுதான் அவளுடைய பயமே. பங்கு தெரிய வேண்டும், கூடவே தவறினால் கையைத் தட்ட ஆள் வர வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நடக்காது என்பது நான் கண்டது.

களத்துக்கு வெளியே

ஆண்டுக் கடைசியில் அவள் அம்மா சொன்னவை இரண்டு. வகுப்பில் நாலு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய செய்முறை வேலை ஒன்றை யாருமே தொடாமல் கிடக்க, யார் எதைச் செய்வது என்று இவளே எழுதிப் பிரித்துக்கொடுத்திருக்கிறாள். இன்னொன்று, ஒரு தேர்வில் மதிப்பெண் கூட்டலில் தவறு இருப்பதை ஆசிரியரிடம் போய்க் காட்டியிருக்கிறாள். கூட்டியது அவளுக்குச் சாதகமாக வரவில்லை, ஒரு மதிப்பெண் குறைந்துதான் போயிற்று.

இவற்றை நான் நேரில் பார்க்கவில்லை. வாலிபால்தான் காரணம் என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். அவளுக்கு ஒரு வயது கூடியிருக்கிறது, அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். முதல் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிற வேலையைப் பார்த்ததும் பாகம் பிரிப்பது, பதினொன்று தரையைக் காலால் காட்டிச் செய்த அதே காரியம்தான்.

விளையாட்டு குணத்தை வளர்க்கும் என்ற பேச்சு எல்லாருக்கும் பிடித்தது. 1971-லேயே புரூஸ் ஓகில்வி, தாமஸ் டட்கோ என்ற இரண்டு விளையாட்டு உளவியலாளர்கள், பல ஆண்டுகள் விளையாட்டு வீரர்களைச் சோதித்துப் பார்த்த பிறகு, அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார்கள். அதைப் படிக்காமல் இந்த வேலைக்கு யாரும் வரக் கூடாது என்பது என் கருத்து. மறுபக்கம், 2022-இல் வந்த ஓர் ஆய்வு 9 முதல் 13 வயதுவரையுள்ள 11,235 அமெரிக்கக் குழந்தைகளைப் பார்த்தது. அணி விளையாட்டு மட்டும் ஆடிய குழந்தைகளுக்கு, எந்த விளையாட்டும் ஆடாதவர்களைவிடக் கவலை, சோர்வு, ஒதுங்கிப்போதல் போன்ற சிக்கல்கள் குறைவு. தனிநபர் விளையாட்டு மட்டும் ஆடியவர்களுக்கு, ஆடாதவர்களைவிட அவை அதிகம். இது தொடர்பைக் காட்டுகிற ஆய்வு, எது எதற்குக் காரணம் என்று காட்டுவதில்லை. கலகலப்பான பிள்ளைகள் அணி விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதாலும் இப்படித் தெரியலாம். இதை நம்பி ஓடுகிற பிள்ளையை ஓட்டத்திலிருந்து யாரும் பிடுங்கிவிட வேண்டாம். எட்டாம் எண் இன்றும் காலையில் தனியாகத்தான் ஓடுகிறாள். யாரும் பக்கத்தில் இல்லாத அந்த நேரம் தனக்கு வேண்டும் என்கிறாள்.

ஏழாம் எண்

ஒரு நல்ல முடிவை மட்டும் எழுதினால் அது பொய் ஆய்வு. அதே ஆண்டு, அதே அணியில், கிட்டத்தட்ட அதே குணத்தோடு இன்னொருத்தி இருந்தாள்: ஏழாம் எண். பேச்சு குறைவு, வேலை சுத்தம். உயரம் கொஞ்சம் குறைவு. அவளுடைய இடத்தில் அவளைவிட நன்றாக ஆடுகிற இரண்டு பேர் இருந்தார்கள். அதனால் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தாள். ஒன்பதாம் மாதம் வராமல் நின்றுவிட்டாள். சண்டையில்லை, கோபமில்லை. ஒரு வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை, அவ்வளவுதான்.

குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். எட்டாம் எண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஏழாம் எண்ணைப் பற்றி ஆண்டு முழுவதும் நான் எழுதியது நான்கு வரி, நான்கும் வருகைப் பதிவு. அவளிடம் நான் என்ன வேலை கொடுத்தேன் என்று யோசித்தேன். ஒன்றும் கொடுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் அங்கிருந்தே செய்யக்கூடிய வேலைகள் எவ்வளவோ உண்டு. எதிரணி சர்வீஸ் யார் யாரைக் குறிவைக்கிறது என்று குறித்துவைப்பது, வெளியே வருகிறவளிடம் முதலில் போய் நிற்பது, டைம்-அவுட்டின் 30 நொடியில் தான் கவனித்த ஒன்றைச் சொல்வது. அணியில் ஒருத்தி இல்லாவிட்டால் நின்றுபோகிற காரியம் ஒன்றாவது இருக்க வேண்டும். ஏழாம் எண் போனபோது எதுவும் நிற்கவில்லை. அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

எட்டாம் எண்ணுக்கு நடந்தது விளையாட்டால் நடந்தது என்றால், ஏழாம் எண்ணுக்கு நடந்ததும் விளையாட்டால் நடந்ததுதான். வலையும் பந்தும் விதியும் இருவருக்கும் ஒன்று. எட்டாம் எண் உயரமாக இருந்ததால் அவளுடைய மௌனம் எனக்குப் புள்ளிகளைப் பறிகொடுத்தது, அதனால் என் கண்ணில் பட்டாள். ஏழாம் எண்ணின் மௌனத்தால் எனக்கு நஷ்டமில்லை. இதை எழுதும்போது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அவள் வீட்டுக்குப் பேசினேன். இப்போது வேறு எதிலோ சேர்ந்திருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று அவள் அப்பா சொன்னார். திரும்பி வரச் சொல்லிக் கேட்கவில்லை. வேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கேட்பது சரியில்லை என்று பட்டது.

புதிய சீசனுக்குப் பன்னிரண்டு பேர் பட்டியல் தயாராகிவிட்டது. பதினொன்றாம் எண் வயது கடந்து பெரியவர்கள் அணிக்குப் போய்விட்டாள். எட்டாம் எண்ணுக்குப் பக்கத்தில் இனிப் புது லிபரோ, 13 வயது, இன்னும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இந்த முறை பட்டியலில் ஆடும் இடத்தை எழுதுவதற்கு முன், ஒவ்வொரு எண்ணுக்கு நேராகவும் அவள் மட்டுமே பார்க்க வேண்டிய வேலையை எழுதிவருகிறேன். பத்துப் பேருக்கு எழுதிவிட்டேன். இரண்டு எண்களுக்கு நேராக இன்னும் காலி. பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது.